அல்சைமர் ஆய்வும் மேற்கோள் எண்ணிக்கையும்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சைமர் நோயை ஆராயும் ஒரு விஞ்ஞானியின் பக்கத்தை இணையத்தில் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எண்கள்தான்: மொத்த மேற்கோள் இத்தனை ஆயிரம், எச்-குறியீடு இத்தனை. அந்த எண்களை எப்படி வாசிப்பது, அந்தத் துறைக்குள் இங்கிருந்து எப்படிப் போவது என்று உயர்தர மாணவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் கேட்பவற்றுக்கான விடைகள் இவை.

வீட்டில் 'அறளை பெயர்ந்திட்டு', 'மாறாட்டம்' என்கிறோம். அல்சைமர் என்பதும் அதுதானா?

முழுக்க அதுவல்ல. நினைவும் தீர்மானிக்கும் திறனும் குறைந்து, அன்றாட வேலைகளைத் தனியாகச் செய்ய முடியாமல் போகும் நிலையை மருத்துவம் டிமென்சியா என்கிறது. நாம் மறதிநோய் என்கிறோம். அதை உண்டாக்கும் நோய்கள் பல. அவற்றில் பெரும்பங்கு அல்சைமருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 60 முதல் 70 சதவீதம்.

1906 இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையைப் பற்றி உரையாற்றினார். நரம்புக்கலங்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே நார்முடிச்சுகள் என்று அவர் கண்ட இரண்டையும்தான் துறை இன்றுவரை துருவிக்கொண்டிருக்கிறது. வெளியே இருப்பது அமிலாயிட்-பீற்றா, உள்ளே இருப்பது டாவ் புரதம்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லக் குறைவது மறதிநோய். நேற்று நன்றாக இருந்தவர் இன்று ஆளை மாற்றிச் சொல்கிறார், இரவில் எழும்பித் திரிகிறார் என்றால் அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மருந்தின் பக்கவிளைவு போன்றவற்றால் வரும் திடீர் மாறாட்டம். அவரை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அல்சைமர் ஆய்வாளர் என்றால் என்ன வேலை செய்பவர்?

ஒரே வேலை அல்ல. ஒருவர் இறந்தவரின் மூளையை மெல்லிய துண்டங்களாக்கிச் சாயமிட்டுப் பார்ப்பார். இன்னொருவர் சுண்டெலிகளில் மரபணுவை மாற்றுவார். பெட் ஸ்கான் படங்களைக் கணினியில் அளப்பவர், ஆயிரக்கணக்கானோரின் மரபணுக்களை ஒப்பிடுபவர், வீடு வீடாகப் போய் முதியவர்களோடு பேசி எண்ணிக்கை எடுப்பவர் எல்லோரும் இதே துறைதான். கடைசியாகச் சொன்ன வேலைக்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம், மொழி வேண்டும். இங்குள்ளவர்களுக்கு அது கைவந்த பலம்.

உயர்தரத்தில் எந்தப் பிரிவு எடுக்க வேண்டும்?

உயிரியல் எடுத்தால் மருத்துவ வழி திறக்கும். வந்தாறுமூலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மட்டக்களப்பிலேயே மருத்துவமும் தாதியியலும் கற்பிக்கிறது. மருத்துவம் 5 வருடம், பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. ஆனால் மருத்துவர் ஆகாமலே இத்துறையில் பெயர் பெற்றவர்கள் ஏராளம். பௌதிகம் படித்தவர் மூளைப் படமெடுப்பிலும், கணிதமோ கணினியோ படித்தவர் தரவுப் பகுப்பாய்விலும், தாதியியலும் உளவியலும் படித்தவர்கள் பராமரிப்பு ஆய்விலும் நுழையலாம். அம்பாறைப் பக்கம் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது.

பட்டத்துக்குப் பின் முனைவர் ஆய்வு 3 முதல் 5 வருடம். அதன் பின் வேறொருவரின் ஆய்வகத்தில் சில வருடம். சொந்தக் குழு அமைக்கும்போது வயது 35ஐத் தாண்டியிருப்பது வழக்கம். இதை முதலிலேயே வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

மேற்கோள் என்பது என்ன? ஒருவருக்கே இடத்துக்கு இடம் எண் மாறுகிறதே?

ஒருவர் தன் கட்டுரையின் உசாத்துணைப் பட்டியலில் உங்கள் கட்டுரையைச் சேர்த்தால் உங்களுக்கு ஒரு மேற்கோள். பாராட்டிச் சேர்த்தாலும் ஒன்று, 'இது பிழை' என்று காட்டச் சேர்த்தாலும் ஒன்று. எண்ணும் இயந்திரத்துக்கு வேறுபாடு தெரியாது.

கூகுள் ஸ்கொலர் ஆய்விதழ்களோடு ஆய்வேடுகள், முன்னச்சுகள் (மீளாய்வுக்கு முன்பே இணையத்தில் போடப்படும் கட்டுரைகள்), நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகள் எல்லாவற்றையும் கூட்டும். ஸ்கோபஸ், வெப் ஒஃப் சயன்ஸ் இரண்டும் தாங்கள் தெரிந்தெடுத்த ஆய்விதழ்களை முதன்மையாக எண்ணும். ஆகவே கூகுள் எண் பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் இருப்பது இயல்பு. இருவரை ஒப்பிடுவதானால் ஒரே இடத்தில், ஒரே நாளில் எடுத்த எண்களை ஒப்பிடுங்கள். விண்ணப்பப் படிவத்தில் எழுதும்போது எந்தத் தளம், எந்தத் திகதி என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

எச்-குறியீட்டைக் கையால் கணக்கிட முடியுமா?

முடியும். 2005 இல் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த முறை இது. கட்டுரைகளை மேற்கோள் கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரிசைப்படுத்துங்கள். தன் வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் உள்ள கடைசிக் கட்டுரையின் வரிசை எண்தான் எச்-குறியீடு. ஒருவருக்கு 7 கட்டுரைகள். மேற்கோள்கள் 48, 22, 11, 7, 5, 4, 1 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது, சரி. ஆறாவதுக்கு 4 தான், 6 இல்லை. எனவே எச்-குறியீடு 5. மொத்த மேற்கோள் 98. பத்தும் அதற்கு மேலும் பெற்ற கட்டுரைகள் 3 என்பதால் ஐ10-குறியீடு 3.

இப்போது முதல் கட்டுரையின் 48 ஐ 4,800 ஆக்கிப் பாருங்கள். மொத்தம் 4,850 ஆகும். எச்-குறியீடு அதே 5. துறையையே திருப்பிப்போட்ட ஒரு கட்டுரை எழுதியவரையும் சராசரியாக எழுதியவரையும் இந்த எண் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறது. வேலை செய்த வருடம் கூடக் கூட இது ஏறத்தான் செய்யும், இறங்காது. இளம் ஆய்வாளரை மூத்தவரோடு இதை வைத்து அளப்பது நியாயமில்லை.

அல்சைமர் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை எவை? ஏன்?

புதிய மருந்தோ பெரும் கண்டுபிடிப்போ என்று நினைப்பீர்கள். பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் இருப்பவை கருவிகள்.

1975 இல் வெளியான சிறு மனநிலைப் பரிசோதனை, அதாவது எம்.எம்.எஸ்.ஈ, 30 புள்ளிகள் கொண்ட ஒரு கேள்வித்தாள். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆய்வும் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட வேண்டியிருப்பதால் மேற்கோள் பல பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. 2005 இல் வந்த மொக்கா பரிசோதனையும் அப்படியே. 1984 இல் மக்கானும் சகாக்களும் வகுத்த நோயறி விதிகளும் இதே வகை. இறந்த மூளையில் டாவ் முடிச்சுகள் பரவும் ஒழுங்கை ஹைக்கோ பிராக், ஈவா பிராக் தம்பதியினர் 1991 இல் ஆறு படிகளாகப் பிரித்தார்கள். நோயியலாளர் ஒவ்வொருவரும் இன்று 'பிராக் நிலை இத்தனை' என்றே எழுதுகிறார்.

அடுத்தது கருதுகோள்கள். 1984 இல் கிளென்னரும் வோங்கும் மூளைக் குருதிக்குழாய்ப் படிவிலிருந்து அமிலாயிட்-பீற்றாவைப் பிரித்தெடுத்தார்கள். 1992 இல் ஹார்டியும் ஹிக்கின்ஸும் சயன்ஸ் ஆய்விதழில் எழுதிய சுருக்கமான கட்டுரை, அமிலாயிட் சேர்வதே முதல் காரணம், மற்றவை அதன் தொடர்விளைவு என்றது. ஆதரித்தவர்களும் மேற்கோள் காட்டினார்கள், எதிர்த்தவர்களும் காட்டினார்கள். மூன்றாவது, மறுக்கமுடியாத அளவீடுகள். அப்போ-ஈ4 மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடும் என்று 1993 இல் டியூக் பல்கலைக்கழகக் குழு காட்டியது. உலகெங்கும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்டு நிலைத்துவிட்டது.

இதில் ஒரு பாடம் உண்டு. பிறர் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒன்றைச் செய்து கொடுத்தவருக்கு மேற்கோள் தானாக வருகிறது. தமிழில் சரியாகச் சரிபார்த்த ஒரு நினைவுப் பரிசோதனையும் அப்படிப்பட்ட கருவிதான்.

மேற்கோள் அதிகம் என்றால் அந்த ஆய்வு சரி என்று எடுக்கலாமா?

எடுக்கக்கூடாது. 2006 இல் நேச்சர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அமிலாயிட்டின் 56 கிலோடால்டன் எடையுள்ள ஒரு கூட்டுவடிவம் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்றது அது. 2,000 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டது. 2022 ஜூலையில் சயன்ஸ் ஆய்விதழின் விசாரணைக் கட்டுரை, அதிலிருந்த வெஸ்டர்ன் பிளொட் படங்கள் (புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஆய்வகப் படங்கள்) திருத்தப்பட்டிருப்பதற்கான அடையாளங்களை வெளிக்கொணர்ந்தது. 2024 ஜூனில் நேச்சர் அக்கட்டுரையை மீளப்பெற்றது. வந்ததற்கும் மீளப்பெற்றதற்கும் இடையில் 18 வருடம்.

இதைக் கேட்டு 'அப்படியானால் அமிலாயிட் கதையே பொய்' என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தவறு. அமிலாயிட்டுக்கான வலுவான சான்று மரபணுக்களிலிருந்து வருகிறது. அதன் முன்னோடிப் புரதத்தின் மரபணு 21ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அந்த நிறமூர்த்தம் மூன்றாக உள்ள டவுன் நோய்க்குறியினருக்கு நடுவயதிலேயே மூளையில் படிவுகள் வருகின்றன. 1991 இலிருந்து அதே மரபணுவில் நோயை உண்டாக்கும் மாற்றங்கள் குடும்பங்களில் கண்டுபிடிக்கப்பட்டன. 2012 இல் ஐஸ்லாந்தில் நோயிலிருந்து காக்கும் மாற்றம் ஒன்றும் கிடைத்தது. இவற்றில் எதுவும் அந்த 2006 கட்டுரையில் தங்கியிருக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டுமுன் மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெட்டில் தலைப்பைத் தேடுங்கள். மீளப்பெறப்பட்டிருந்தால் மேலேயே அறிவிப்பு இருக்கும். உசாத்துணைகளைச் சேமிக்க சொட்டெரோ என்ற இலவச மென்பொருளைப் பாவித்தால், மீளப்பெற்ற கட்டுரைகளை அதுவே சிவப்பில் காட்டும். ஆய்வேட்டைக் கையளிக்கும் வாரத்தில் இன்னொரு தடவை பாருங்கள். பட்டியலைத் தொடங்கிய நாளில் சரியாக இருந்தது இடையில் மாறியிருக்கலாம்.

ஆய்விதழின் தாக்கக் காரணி?

ஓர் ஆய்விதழ் 2022 இலும் 2023 இலும் சேர்த்து மொத்தம் 120 கட்டுரை வெளியிட்டு, அவற்றுக்கு 2024 இல் 420 மேற்கோள் வந்தால் அதன் தாக்கக் காரணி 3.5. அது இதழின் சராசரி மட்டுமே. சில கட்டுரைகள் பெரும்பங்கை இழுத்துக்கொள்ள, மற்றவை ஒன்றிரண்டோடு நிற்கும். உங்கள் கட்டுரையின் தரத்தை அது சொல்லாது.

ஒரே ஆய்வாளரின் கட்டுரைகள் இரண்டு மூன்று பெயர்களில் சிதறிக் கிடக்கின்றனவே, ஏன்?

நம் ஊர் ஆய்வாளர்களுக்கு மேற்கோள் தொலைவதற்கு முக்கிய காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

மேலைநாட்டு ஆய்விதழ்கள் கடைசியாக வரும் சொல்லைக் குடும்பப் பெயராக எடுக்கும். நாம் தகப்பன் பெயரை முன்னால் வைத்து, சொந்தப் பெயரைப் பின்னால் எழுதுவோம். ஒரு படிவத்தில் முதலெழுத்தோடு, இன்னொன்றில் தகப்பன் பெயரை விரித்து, கடவுச்சீட்டில் வேறு ஒழுங்கில் என்று மூன்று விதமாக எழுதினால் தரவுத்தளம் மூன்று ஆட்களாகப் பதிந்துவிடும். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முகம்மது என்ற பெயரை ரோமன் எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். அங்கே சிதறல் இன்னும் கூட. பெண்கள் திருமணத்துக்குப் பின் கணவன் பெயரைச் சேர்த்தாலும் இதே பிரச்சினை.

முதல் கட்டுரை அனுப்புமுன்பே ஓர் எழுத்துக்கூட்டலைத் தீர்மானியுங்கள். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஓர்கிட் தளத்தில் இலவசமாக 16 இலக்க எண்ணை எடுத்து, பழைய வடிவங்களை அங்கே மாற்றுப் பெயர்களாகப் பதியுங்கள். ஒவ்வொரு சமர்ப்பிப்பிலும் அந்த எண்ணைக் கொடுங்கள். ஸ்கோபஸில் உங்களுக்கு இரண்டு பக்கம் இருந்தால் இணைக்கும்படி அங்கேயே விண்ணப்பிக்கலாம், கட்டணமில்லை. கூகுள் ஸ்கொலரில் எதிர்ப்பிரச்சினை வரும்: அதே பெயருள்ள இன்னொருவரின் கட்டுரைகள் உங்கள் பக்கத்தில் ஏறிவிடும். தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, கேட்டுச் சேர்க்கும் தெரிவை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பெயரும் அப்படித்தான். 'கிழக்குப் பல்கலைக்கழகம்' என்ற பொருளில் அமெரிக்காவிலும் பங்களாதேஷிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. 'இலங்கை' என்ற சொல்லை விட்டால் உங்கள் உழைப்பு வேறு நாட்டுக் கணக்கில் ஏறிவிடும்.

ஆய்வகம் இல்லாமல் மட்டக்களப்பில் இருந்தே அல்சைமர் ஆய்வு செய்ய முடியுமா?

முடியும், இரண்டு வழியில்.

ஒன்று, திறந்த தரவு. அமெரிக்காவில் 2004 இல் தொடங்கிய அட்னி என்ற திட்டம் பங்கேற்பாளர்களின் மூளைப்படம், முள்ளந்தண்டு நீர், நினைவுப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்து, விண்ணப்பிக்கும் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. தொடக்கத்தில் படங்களைத் தரவிறக்காதீர்கள், இணைய இணைப்பு தாங்காது. அட்டவணைக் கோப்புகளை மட்டும் எடுத்து, ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருளில் பழகுங்கள். கட்டுரை எழுதும்போது அவர்களின் வெளியீட்டு விதிப்படி நன்றியுரையும் ஆசிரியர் வரியும் போடாவிட்டால் சிக்கல் வரும், வாசித்துக் கையொப்பமிடுங்கள். அந்தத் தரவில் பெரும்பாலானோர் நிறையப் படித்த வெள்ளையர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மற்றது, இங்குள்ள முதியவர்களை நேரே ஆராய்வது. 1998 இல் கொச்சியில் நடந்த கூட்டத்திலிருந்து உருவான 10/66 ஆய்வுக்குழுவின் பெயரே ஒரு முறைப்பாடு: மறதிநோயாளரில் 66 சதவீதத்தினர் வளர்முக நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதத்துக்கும் குறைவே அவர்களைப் பற்றியது. அக்குழு சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் தமிழில் வேலை செய்தது. இலங்கையில் ராகமையில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைப் பார்த்து 2003 இல் வெளியிட்ட ஆய்வு 3.98 சதவீதத்தினருக்கு மறதிநோய் என்றது. அது சிங்களம் பேசும் பகுதி. படுவான்கரையில், திருக்கோவிலில், பொத்துவிலில் வாழும் முதியவர்களுக்கு அந்த எண்ணைத் தூக்கிப் பொருத்த முடியாது.

சென்னைத் தமிழில் ஏற்கெனவே பரிசோதனை இருக்கிறதே, அதையே எடுத்தால் என்ன?

தொடக்கமாக எடுக்கலாம், அப்படியே பாவிக்க முடியாது. நினைவில் வைக்கச் சொல்லும் பட்டியலில் 'நாற்காலி' இருந்தால் நம் ஆச்சி ஐந்து நிமிடம் கழித்துக் 'கதிரை' என்பார். புள்ளி உண்டா இல்லையா? களத்தில் நின்று யோசிக்கக்கூடாது. கையேட்டில் முன்பே எழுதியிருக்க வேண்டும். 'பள்ளி' என்றால் காத்தான்குடியில் பள்ளிவாசல். தமிழ், முஸ்லிம் இரு சமூகத்திலும் ஒரே பொருள் தரும் சொற்களையே தெரிய வேண்டும். (உண்மையான சொற்பட்டியல்களை இங்கே போடவில்லை. வாசித்துப் பழகிவிட்டால் பரிசோதனை பயனற்றுப் போகும்.)

'இப்போது என்ன பருவம்' என்ற கேள்விக்கு மேலைநாட்டு நான்கு பருவங்கள் இங்கே கிடையாது. மாரி, கோடை என்றாலோ பெரும்போகம், சிறுபோகம் என்றாலோ சரி. மாதத்துக்கு ஆடி, ஆவணி என்றாலும், முஸ்லிம் முதியவர் ஹிஜ்ரி மாதம் சொன்னாலும், அன்றைய நாளோடு ஒத்துப்போனால் ஏற்க வேண்டும். நேர்காண்பவர் கையில் மூன்று நாட்காட்டியும் இருக்கட்டும். 'எத்தனையாவது மாடி' என்ற கேள்வி ஓட்டுவீட்டில் கேட்கும் கேள்வியல்ல. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது பள்ளிக்கூடம் போகாதவருக்கு நினைவுப் பரிசோதனை அல்ல, கணக்குப் பரிசோதனை. 1995 இல் வட இந்தியக் கிராமத்தவருக்காக வெளியான இந்தி வடிவத்தில் அதற்குப் பதில் கிழமை நாட்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள்.

வழமையான படிமுறை இது: இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர், இரண்டையும் ஒன்றாக்குவீர்கள், மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றுவார், மருத்துவரும் மொழி தெரிந்தவரும் அமர்ந்து வேறுபாடுகளைத் தீர்ப்பார்கள், பிறகு பத்துப் பேரளவில் முதியவர்களிடம் கேட்டு 'இதிலிருந்து உங்களுக்கு என்ன விளங்கியது?' என்று விசாரிப்பீர்கள். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். எம்.எம்.எஸ்.ஈ, மொக்கா இரண்டுக்கும் உரிமையாளர்கள் உண்டு, அனுமதி கேளாமல் மாற்றி வெளியிட்டால் கட்டுரை மீளப்பெற வேண்டி வரலாம்.

வெட்டுப்புள்ளியையும், அதாவது எத்தனைக்குக் கீழே எடுத்தால் நோய்ச் சந்தேகம் என்ற கோட்டையும், இறக்குமதி செய்யாதீர்கள். 1993 இல் அமெரிக்காவில் 18,056 பேரிடம் எம்.எம்.எஸ்.ஈ பார்த்தபோது, 9 வருடமோ கூடவோ படித்தவர்களின் இடைநிலைப் புள்ளி 29, 4 வருடம் வரை மட்டும் படித்தவர்களுக்கு 22. வழக்கமான 24 என்ற கோட்டைப் போட்டால் படிக்காத நல்ல மூளைக்காரர்களில் பாதிக்கு மேல் நோயாளி ஆகிவிடுவார்கள்.

குடும்பத்தவரிடம் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

10/66 முறையில் முதியவரைப் பரிசோதிப்பதோடு, அவரை நாளும் பார்ப்பவரிடமும் கேட்பார்கள். நம் பகுதியில் பெற்றோர் மகள் வீட்டோடு, ஒரே வளவில் இருப்பது வழக்கம் என்பதால் பெரும்பாலும் மகளே சரியான ஆள். இடையூறு என்னவென்றால், 'அம்மாவை நாங்க ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல' என்பார். மரியாதையால் வேலை குறைந்ததா, முடியாமல் குறைந்ததா என்று பிரித்தெடுக்க வேண்டும். 'சமைக்கிறாரா?' என்று கேட்காமல், 'நீங்க ரெண்டு நாள் ஊரில இல்லாட்டி அவவால தனியச் சமாளிக்க ஏலுமா? கடைக்காரன் மிச்சக்காசு பிழையாத் தந்தா கண்டுபிடிப்பாவா?' என்று கேளுங்கள். ஆண்களிடம் சமையலைக் கேட்பது வீண். வயல் கணக்கு, தோணி, வலை, கடன் கொடுக்கல் வாங்கல் பற்றிக் கேளுங்கள்.

போரிலும் 2004 கடல்கோளிலும் உறவுகளை இழந்தவர்கள் இங்கே நிறைய. நீண்ட துக்கமும் மனச்சோர்வும் கவனத்தைக் குறைத்து மறதிபோலத் தோன்றும். மனச்சோர்வு அளவுகோல் சேர்க்காத ஆய்வை இங்கிருந்து அனுப்பினால், இதழுக்காக அதை மதிப்பிடும் மீளாய்வாளர் திருப்பிவிடுவார், அது நியாயமும்கூட. கேள்வியைத் தொடங்குமுன் காது கேட்கிறதா, கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

முதியவரின் வயதை எப்படி உறுதிசெய்வது?

அடையாள அட்டை முதல் படி. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கமும் புதிய 12 இலக்க எண்ணின் முதல் நான்கும் பிறந்த வருடம். ஆனால் மூத்தவர்கள் சிலரின் பதிவே உத்தேசம்தான். நிகழ்வு நாட்காட்டி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்: 1948 சுதந்திரம், 1957 வெள்ளம், 1978 நவம்பர் சூறாவளி. 'சூறாவளி அடிக்கேக்க உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சிட்டா, எத்தனை பிள்ளை?' என்றால் இரண்டு மூன்று வருடப் பிழைக்குள் வந்துவிடலாம். கவனம்: அதே கேள்வியை நினைவுப் பரிசோதனைக்குப் புள்ளியிடக்கூடாது.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?

எதிர்பார்க்கும் வீதம் 4 சதவீதம், ஏற்கும் வழு 1.5 சதவீதப்புள்ளி என்றால், 95 சதவீத நம்பிக்கைக்கான 1.96 ஐ வைத்து: 1.96 × 1.96 × 0.04 × 0.96 ஐ, 0.015 × 0.015 ஆல் வகுக்க 656. கிராமசேவகர் பிரிவுகளாகத் தெரிவதால் (ஒரே பிரிவினர் பலவற்றில் ஒத்திருப்பர்) 1.5 ஆல் பெருக்க 984. பத்துக்கு ஒருவர் மறுப்பார் என்று 0.9 ஆல் வகுக்க 1,094. ஒரு நேர்காணல் ஒரு மணித்தியாலம், ஒருவர் நாளுக்கு நான்கு என்றால் நாலு பேர் கொண்ட குழுவுக்கு வேலை நாட்கள் 70 அளவு. மழை நாட்களைச் சேர்க்கவில்லை. மார்கழி, தையில் படுவான்கரை வீதிகளில் வெள்ளம் நிற்கும்.

இரத்தப் பரிசோதனை வந்துவிட்டதாமே, அதைச் சேர்க்கலாமா?

பி-டாவ்217 என்ற புரதத்தின் அளவு மூளையிலுள்ள அமிலாயிட்டை நன்றாகக் காட்டுகிறது. மாதிரியைக் கெடுப்பது கையாளும் விதம். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ குழாயில் எடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். சிறு பொலிபுரோப்பிலீன் குழாய்களில் பங்கிட்டு மறை 80 பாகையில் வைக்க வேண்டும். அமிலாயிட் மற்றப் பிளாஸ்டிக்கின் சுவரில் ஒட்டிக்கொள்வதால் குழாயின் வகை முக்கியம். உறைந்து உருகி மீண்டும் உறைந்த மாதிரியின் எண்ணை நம்ப முடியாது. எனவே மின்வெட்டுக்குத் தானாக இயங்கும் ஜெனரேட்டரும் வெப்பநிலையைப் பதியும் கருவியும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வருகிறது.

அழித்துவிடுங்கள். மீளாய்வு ஒரு வாரத்தில் முடியாது. இதழின் பெயரை ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலிலும் டோஜ் என்ற திறந்த இதழ் அடைவிலும் நீங்களே தேடுங்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பை அழுத்தாதீர்கள். நல்ல இதழ்கள் பல, கட்டணத்தைக் குறைக்கின்றன. கட்டுரை அனுப்புமுன் கேட்க வேண்டும், ஏற்றபின் கேட்டால் பல இடங்களில் மறுப்பார்கள்.

இத்தனை ஆயிரம் மேற்கோளால் நோயாளிக்கு என்ன கிடைத்தது?

கேட்க வேண்டிய கேள்வி. 1976 இல், நரம்புக்கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் அசெட்டைல்கோலினின் குறைபாடு மூளையில் காணப்பட்டது. அதைக் குறிவைத்த டொனெபெசில் 1996 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் மருத்துவர்கள் எழுதுவது அதைத்தான். அறிகுறியைச் சிலகாலம் தாங்கிப்பிடிக்கும், நோயை நிறுத்தாது. 1984 இல் பிரித்தெடுத்த அமிலாயிட்டை அகற்றும் லெக்கனெமாப் 2023 இல் அங்கே முழு அனுமதி பெற்றது. 1,795 பேரிடம் நடந்த சோதனையில் 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. அந்தச் சோதனையில் இரு கிழமைக்கு ஒருதடவை ஊசிவழி ஏற்றினார்கள்; மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் வரலாம் என்பதால் எம்.ஆர்.ஐ அடிக்கடி பார்க்க வேண்டும்.

இங்குள்ள குடும்பங்களுக்கு இன்றே பயன்படுவது வேறொரு வரிசை ஆய்வு. லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழின் ஆணைக்குழு 2024 இல் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் கையாண்டால் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கேள்திறன் குறைவு, புகைத்தல், தனிமை, கல்விக் குறைவு எல்லாம் அதில் உண்டு. முதல் இரண்டுக்கும் நம் ஊர்க் கிளினிக்குகளிலேயே மருந்து இருக்கிறது.

ஆய்வில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் சொல்ல வேண்டுமா?

நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே இதற்குப் பதில் எழுதியிருக்க வேண்டும். தரவு எடுத்தபின் அனுமதி கேட்டால் எந்தக் குழுவும் தராது. சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, கையொப்பமிட முடியாதவரிடம் சாட்சியோடு கைநாட்டு வாங்குங்கள். சம்மதிக்கும் தெளிவு இல்லாதவருக்குக் குடும்பத்தவர் சம்மதிக்கலாம். ஆனால் முதியவர் தலையை ஆட்டி மறுத்தால் அதோடு நிறுத்த வேண்டும். ஒரு நாள் பரிசோதனையின் புள்ளி நோயறிதல் அல்ல. குறைவாக எடுத்தவரின் வீட்டுக்கு அதே மாதத்தில் திரும்பிப் போய், மகளையோ மகனையோ தனியே அழைத்து, 'இன்னும் பரிசோதிக்க வேண்டியிருக்கு' என்று சொல்லி, மருத்துவருக்கான கடிதத்தைக் கையில் கொடுங்கள். தைரொயிட், பி12, சர்க்கரை, சோடியம் பார்க்கும்படி அதில் எழுதியிருக்கட்டும்.